பியூஸைக் கழற்றினால் தீருமா? ஏ.பி.எஸ். பிறேக்கை முடக்கும் வழக்கத்தின் நன்மையும் தீமையும்

ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்புப் பிறேக்கை முடக்கிவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கிரவலிலும் மணலிலும் அது வாகனத்தை நிற்கவிடாமல் முன்னே கொண்டுபோகிறது என்பது. மற்றது பழுது: மஞ்சள் லைட் அணைய மறுக்கிறது, திருத்தும் செலவு பெரிது, பியூஸைக் கழற்றிவிட்டால் தொல்லை விட்டது என்ற கணக்கு.

மாங்கேணியில் இந்த இரண்டுக்கும் இடமுண்டு. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ-15 வீதி ஓட்டமாவடிக்கும் வாகரைக்கும் இடையில் இவ்வூரைக் கடந்து செல்கிறது. நடுவில் நல்ல காபட் வீதி, ஓரத்தில் மணல், உள்ளே திரும்பினால் கிரவல். ஓடும் கார்களிலும் வான்களிலும் பல, ஜப்பானில் பாவிக்கப்பட்டு இறக்குமதியானவை. இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், இருந்த வாகனங்களே முதுமையடைந்தன. அதற்குமேல் கடற்கரை உப்புக் காற்று சக்கர உணரிகளின் இணைப்புகளையும் பல்வளையங்களையும் துருப்பிடிக்க வைக்கிறது.

ஏ.பி.எஸ். செய்யும் வேலை எளிதானது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உணரி அதன் சுழற்சி வேகத்தை அளக்கிறது. பிறேக் மிதிக்கும்போது ஒரு சக்கரம் மற்றவற்றைவிடச் சட்டென்று வேகம் குறைந்தால், அது பூட்டிக்கொள்ளப்போகிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி கணிக்கிறது. அந்தச் சக்கரத்துக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தை வால்வு குறைத்து, சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் கூட்டுகிறது. நொடிக்குப் பலமுறை இது நடப்பதால்தான் காலடியில் பிறேக் துடிக்கிறது, கடகடவென்று சத்தம் வருகிறது.

பூட்டிய சக்கரத்தைவிட உருண்டபடி சற்றே வழுக்கும் சக்கரத்துக்குத் தார் வீதியில் பிடிப்பு அதிகம். சக்கரத்தின் வேகம் வாகனத்தின் வேகத்தைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் குறைந்திருக்கும்போது உராய்வு உச்சத்தை எட்டுகிறது. முழுதாகப் பூட்டினால் அது குறைவதோடு, பக்கவாட்டுப் பிடிப்பும் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. முன்சக்கரம் பூட்டிய காரில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரேதான் போகும். ஆகவே ஏ.பி.எஸ்ஸின் முதற்பயன் தூரத்தைக் குறைப்பது அன்று. மிதித்துக்கொண்டே திருப்ப முடிவதுதான். பொஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். 1978 இல் மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரில் வந்தபோதும் இதுவே அதன் முதன்மைச் சிறப்பாக இருந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம்.

எதிர்வாதங்களில் வலுவானது கிரவலைப் பற்றியது. தளர்ந்த கற்பரப்பில் சக்கரம் பூட்டினால் ரயர் உள்ளே புதைந்து, தனக்கு முன்னே கல்லையும் மண்ணையும் குவிக்கிறது. அந்தக் குவியலே வாகனத்தைத் தடுக்கிறது. ஏ.பி.எஸ். சக்கரத்தை உருளவிடுவதால் குவியல் உருவாவதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1999 இல் வெளியிட்ட சோதனையில் தளர்ந்த கிரவலில் நிற்கும் தூரம் ஏ.பி.எஸ்ஸால் சராசரியாக 27 சதவீதம் கூடியது. ஆழமான கடற்கரை மணலிலும் நடப்பது இதுதான். இந்தக் குறை கற்பனையல்ல. அதனால்தான் பழைய ஆவுடி குவாட்ரோவில் ஏ.பி.எஸ்ஸை நிறுத்தும் பொத்தான் இருந்தது. 2020 இன் ராயல் என்பீல்ட் ஹிமாலயன் மோட்டார் சைக்கிளில் பின்சக்கர ஏ.பி.எஸ்ஸை மட்டும் நிறுத்த வசதியுண்டு. முன்சக்கரத்தை அதில் தொட முடியாது. இரு சக்கர வாகனத்தில் முன்சக்கரம் பூட்டினால் விழ நேரும்.

ஆனால் கிரவலில் நின்றுவிடுவது ஒன்று, நேராக நிற்பது வேறொன்று. பூட்டிய சக்கரம் குவியலைக் கட்டும் அதே வேளையில் திசையைக் கைவிடுகிறது. வேகம் குறைவாக, எதிரே யாருமின்றி, பாதை நேராக இருந்தால் அது பரவாயில்லை. வளைவோ வாய்க்காலோ இருந்தால் குறுகிய தூரம் பயன்படாது.

ஏ-15 வீதியில் உண்மையான சோதனை கிரவலில் அல்ல, கிரவலுக்கும் காபட்டுக்கும் இடையிலான ஓரத்தில் நடக்கிறது. இரவில் வீதியில் மாடுகள் படுத்திருக்கும் இடத்தில் எழுபது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வான் வருகிறது என்று கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 19 மீற்றர் ஓடிவிடும். மாட்டைக் கண்ட சாரதி இடப்பக்கம் வெட்டி முழுப் பலத்தோடு மிதிக்கிறார். இடப்பக்கச் சக்கரங்கள் ஓரத்து மணலிலும் வலப்பக்கச் சக்கரங்கள் காபட்டிலும் இருக்கின்றன. பிடிப்பு வலப்பக்கம் அதிகம். ஏ.பி.எஸ். இல்லாவிட்டால் மணலில் உள்ள சக்கரங்கள் பூட்டுகின்றன, காபட்டில் உள்ளவை இறுகப் பிடிக்கின்றன, வான் வலப்பக்கம் சுழன்று எதிர்த்திசை வாகனங்களின் பாதைக்குள் நுழைகிறது. ஏ.பி.எஸ். உள்ள வானில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிடிப்பு குறைந்த பக்கத்துக்கு ஏற்ற அழுத்தமே தரப்படுகிறது. அதனால் நிற்கும் தூரம் சற்று நீளும், ஆனால் வாகனத்தைத் திசை மாறாமல் வைத்திருக்க முடியும். வடகீழ்ப் பருவமழையில் காபட் நனைந்திருக்கும்போது ஏ.பி.எஸ்ஸின் பயன் இன்னும் கூடுகிறது: ஈரத் தாரில் பூட்டிய சக்கரத்துக்கும் உருளும் சக்கரத்துக்கும் இடையிலான பிடிப்பு வித்தியாசம் உலர்ந்த தாரில் இருப்பதைவிடப் பெரிது.

அனுபவமுள்ள சாரதி ஏ.பி.எஸ்ஸைவிட நன்றாக மிதிப்பார் என்பது இரண்டாவது வாதம். உலர்ந்த தளத்தில், பூட்டும் விளிம்பு வரை அழுத்தி நிறுத்தும் திறமைசாலிகள் உண்டு. ஆனால் மனிதருக்குக் காலடியில் ஒரே பிறேக்தான். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி அழுத்தம் தர எவராலும் முடியாது. மாட்டைக் கண்ட அதிர்ச்சியில் அந்த நிதானமும் நிற்காது.

மூன்றாவது வாதம், பாதுகாப்புக் கருவி சாரதியைத் துணிச்சலாக்குகிறது என்பது. 1980களில் மியூனிக்கில் டாக்சி சாரதிகளிடம் நடந்த ஆய்வு, ஏ.பி.எஸ். உள்ளவர்கள் சற்று முரட்டுத்தனமாக ஓட்டியதையும் விபத்து குறையாததையும் கண்டது. அதே அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2009 மதிப்பீடும் மிகைப்படுத்தாதது. கார்களில் மொத்த விபத்து 6 சதவீதம் குறைந்தது. பாதசாரிகள் மீது மோதும் உயிரிழப்பு விபத்துகள் 13 சதவீதம் குறைந்தன. வீதியை விட்டு ஓடும் உயிரிழப்பு விபத்துகள் 9 சதவீதம் கூடின. உயிரிழப்பு விபத்துகளில் நிகர மாற்றம் ஏறக்குறைய பூச்சியம். ஏ.பி.எஸ்ஸை உயிர்காக்கும் மந்திரமாகக் காட்டும் விளம்பரத்துக்கு இது பதிலாகலாம், முடக்குவதற்குச் சான்றாகாது. வாகனம் வழுக்கும்போது திசையைத் திருத்தும் இ.எஸ்.சி. அமைப்பும் ஏ.பி.எஸ்ஸின் உணரிகளையும் வால்வுகளையும் கொண்டே இயங்குகிறது. ஏ.பி.எஸ். முடங்கினால் அதுவும் முடங்கும்.

முடக்கும் வழக்கத்தின் பெரிய குறை இங்கேதான். பியூஸ் கழற்றிய கார், ஏ.பி.எஸ். இல்லாமலே தயாரான பழைய காருக்குச் சமமல்ல. மிதிக்கும்போது எடை முன்னே சாய்வதால் பின்சக்கரங்கள் எளிதில் பூட்டும். அவற்றுக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தப் பழைய கார்களில் தனி வால்வு ஒன்று இருந்தது. பிந்திய கார்களில் பலவற்றில் அந்த வேலையை ஏ.பி.எஸ். கருவியே இ.பி.டி. என்ற பெயரில் செய்கிறது. பியூஸைக் கழற்றினால் அந்தக் காவலும் போகிறது. பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் பம்பரம்போலச் சுழலும். ஹைபிரிட் கார்களில் மின்மோட்டார் பிறேக்கையும் எண்ணெய் பிறேக்கையும் ஒத்திசைப்பது இதே தொகுதியாதலால், அங்கே பியூஸில் கைவைப்பது இன்னும் ஆபத்து.

பழுது சார்ந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. துருவோ அழுக்கோ உணரியின் அளவைக் கெடுத்தால், பூட்டாத சக்கரம் பூட்டுவதாகக் கருதப்பட்டு, நிற்கப்போகும் கடைசி மீற்றர்களில் பிறேக் தளரும். சந்தியில் இது முன்னே நிற்கும் வாகனத்தில் மோதச் செய்யலாம். 2010 பெப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உட்பட ஏறத்தாழ 437,000 ஹைபிரிட் கார்களை மேடுபள்ளமான, வழுக்கும் பரப்புகளில் பிறேக் கணநேரம் தளர்வதாக எழுந்த முறைப்பாட்டால் திரும்ப அழைத்தது. தீர்வு ஏ.பி.எஸ்ஸை அகற்றுவதாக இருக்கவில்லை. கட்டுப்பாட்டு மென்பொருளே மாற்றப்பட்டது. சாதாரணக் கராஜிலும் முதல் வேலை உணரியையும் பல்வளையத்தையும் துடைத்துப் பார்ப்பதுதான். பல சமயங்களில் முழுத் தொகுதியையும் மாற்றத் தேவையிருப்பதில்லை. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள் வால்வுகளை அரிக்கும் என்பதால், காலத்துக்குக் காலம் அதை மாற்றுவதும் இந்தச் செலவைத் தள்ளிப்போடும்.

லைட்டைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் மஞ்சள் ஏ.பி.எஸ். லைட் மட்டும் எரிந்தால் அமைப்பு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது, சாதாரண பிறேக் வேலை செய்யும் என்று பொருள். அப்போது பியூஸைக் கழற்றுவதால் எதுவும் கூடுவதில்லை. மஞ்சளோடு சிவப்பு பிறேக் லைட்டும் எரிந்தால் எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது இ.பி.டி. கெட்டிருக்கலாம். அந்தக் காரை ஓட்டாமல் கராஜுக்கு இழுத்துச் செல்வதே சரி.

ஆக, முடக்குவது பொருத்தமாகும் இடம் மிகச் சிறியது: தயாரிப்பாளரே பொத்தான் வைத்த வாகனத்தில், தளர்ந்த கிரவலிலோ மணலிலோ, குறைந்த வேகத்தில், அந்தப் பாதை முடியும்வரை. உணரி கெட்டு பிறேக் தவறாகத் தளரும் காரில் கராஜ்வரை மட்டும் நிறுத்திவைப்பதையும், இ.பி.டி. இல்லாத, ஹைபிரிட் அல்லாத கார்களில், ஏற்கலாம். அப்போதும் வேகத்தைக் குறைத்து, முன்வாகனத்துக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட வேண்டும். கிரவலில் நாள்தோறும் ஓடுபவருக்குக்கூட, பியூஸைத் தொடுவதைவிட வேகத்தைக் குறைப்பதே இலாபம். வேகம் பாதியானால் பிறேக் மிதித்தபின் ஓடும் தூரம் கால்பங்காகும். ஏ.பி.எஸ். அங்கே கூட்டும் கால்பங்குச் சொச்சத்தைவிட இந்தக் குறைவு மிகப் பெரிது. தேய்ந்த ரயருக்கும் இதே கணக்குப் பொருந்தும்: ரயரிடம் இல்லாத பிடிப்பை எந்த ஏ.பி.எஸ்ஸாலும் தர முடியாது.