மூடுபனி மீது சுமத்தப்படும் பழி

ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் வீட்டு இணையம் மந்தமாகிவிடுகிறது என்று சொல்வோர் உண்டு. இத்தகைய நம்பிக்கைகளை ஆராய வேண்டிய கட்டுரைகளோ, ரூட்டரை அணைத்து மீண்டும் போடுங்கள், உயரமான இடத்தில் வையுங்கள், மைக்ரோவேவ் அடுப்பின் அருகே வைக்காதீர்கள் என யோசனைகளை அடுக்கிவிட்டு நின்றுவிடுகின்றன. யோசனைகளில் பெரும்பிழை இல்லை. ஏன் என்ற கேள்விதான் அவற்றில் எழுவதே இல்லை. காரணம் அறியாதவர் புது ரூட்டர் வாங்கிப் பணத்தை விரயமாக்குவார்.

மூடுபனித் துளி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளம் இதனினும் மிகச் சிறிது. ஆகவே துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சாலையோரத்து சில்வர் ஓக் மரமும் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ரூட்டர் 2,400 மெகாஹெர்ட்சில் அனுப்பும் அலையின் நீளமோ 12.5 செ.மீ.; அதாவது துளியைப் போல் பன்னீராயிரம் மடங்குக்கும் மேல்! அந்த அலைக்குத் துளி இருப்பதும் ஒன்றே, இல்லாததும் ஒன்றே. அன்றியும் ரூட்டர் இருப்பது வீட்டுக்குள், பனி இருப்பது வெளியே. பெருமழை 10,000 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளை வலுவிழக்கச் செய்யும் என்பது மெய். கூரைமேல் உள்ள டிஷ் ஆன்டெனா அடைமழையில் படம் காட்ட மறுப்பது அதனால்தான். வீட்டு ரூட்டருக்கு அது பொருந்தாது.

அடுப்பைப் பற்றிய விளக்கமும் பல இடங்களில் தவறாகவே தரப்படுகிறது. 2,450 மெகாஹெர்ட்சு என்பது நீர் மூலக்கூறின் ஒத்ததிர்வு எண் என்கிறார்கள். திரவ நீருக்கு அங்கே அப்படியோர் ஒத்ததிர்வு கிடையாது. அடுப்பிலிருந்து கசியும் சிறிதளவு அலையும் ரூட்டரின் அலையும் ஒரே அலைவரிசையில் அமைவதால் குறுக்கீடு நேர்கிறது, அவ்வளவே.

மெய்யான தடை சுவர்தான். பழைய எஸ்டேட் பங்களாவின் தடித்த கற்சுவரைத் தாண்டும்போது அலை பெரிதும் வலுவிழக்கிறது. 5,000 மெகாஹெர்ட்சு வரிசையின் அலை இன்னும் அதிகமாக. அதே அறையில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வரிசை வேகமானது. சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு முதலாவதே நம்பகமானது.

இக்கட்டுரைகள் விட்டுவிடும் சோதனை மிக எளிது. மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, ரூட்டரையும் கணினியையும் கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். கம்பியில் சரியாக இருந்து, கம்பியில்லாதபோது குறைந்தால் அறையையும் சுவரையும் பாருங்கள். கம்பியிலும் குறைவெனில் ரூட்டரை எங்கே மாற்றி வைத்தும் பயனில்லை. வெளியிணைப்பையோ ரூட்டரையோ சோதிக்க வேண்டும். பனி நாளிலும் தெளிந்த நாளிலும் ஒரே மணிக்கு அளந்து குறித்து வந்தால் பனியின் வழக்கும் தீர்ந்துவிடும். கோடை விழாக் கூட்டம் மலையேறும் நாட்களைத் தனியே குறிப்பது நல்லது. செல்பேசிக் கோபுரத்தின் வழியே இணையம் பெறுவோர்க்கு, பங்கிடுவோர் பெருகினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும்.

அலகுக் குழப்பம் வேறு. விளம்பரம் மெகாபிட்டில் பேசுகிறது, கணினி மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட் வந்தால் குறையேதும் இல்லை. பிராட்பேண்டு எனும் பெயருக்கு 2004-இல் 256 கிலோபிட் போதும் என்றிருந்த அரசு வரையறை, 2013-இல் 512 ஆகி, 2023-இல்தான் 2 மெகாபிட் ஆயிற்று. அந்த 2 மெகாபிட்டிலும், 100 மெகாபைட் அளவுள்ள பாடப் படம் ஒன்றை இறக்க மாணவர் 400 நொடி காத்திருக்க வேண்டும்.