எட்டுக் கோப்பைத் தேநீரும் இருபதில் ஒன்றும்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே வரிசையாக ஜெராக்ஸ் கடைகள் இருக்கும். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பைண்டிங் போட்டுத் தருவார்கள். சிலவற்றில் ‘டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்’ என்றும் எழுதியிருக்கும். அப்படியொரு கடையில் உளவியல் மாணவி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு விதமாகப் படித்தவர்களின் நினைவாற்றலை அவர் அளந்திருந்தார். திரையில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணை. கடைக்காரர் சராசரியையோ எண்ணிக்கையையோ பார்க்கவில்லை. விரல் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனது. 0.08. “வரலையேம்மா” என்றார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஆண், பெண் தனித்தனியாப் போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டார். போட்டார். பெண்களில் 0.03. “வந்துடுச்சு.” மாணவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அங்கே யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. எண்கள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் உளவியலின் முக்கால்வாசிச் சிக்கலும் இருக்கிறது.

அந்தக் கடைசிக் கட்டத்தில் இருப்பது பி-மதிப்பு; அது 0.05க்குக் கீழே போனால்தான் ‘வந்துடுச்சு’. இந்த 0.05 என்ற எல்லைக்கோட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். பரிசோதனை வடிவமைப்பு பற்றி 1935இல் அவர் எழுதிய நூலில் ஒரு பெண்மணி வருகிறார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் அவர். ஃபிஷர் மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை. எட்டுக் கோப்பை வைக்கிறார்: நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை குலுக்கிப் போட்டது. எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் நான்கும் சரியாக அமைவது 70இல் ஒன்று. பால் முதலில் ஊற்றிய நான்கில் மூன்றை மட்டும் கண்டுபிடித்தால்? அதற்கு 16 வழிகள். இரண்டையும் கூட்டினால் 70க்கு 17, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அவ்வளவு எளிதாகக் கிடைப்பதைத் திறமை என்று ஒப்புக்கொள்ள முடியாது. ஆறே கோப்பை வைத்திருந்தால், முழுவதும் சரியாகச் சொல்வதுகூட இருபதில் ஒன்றாகத்தான், அதாவது அதே 0.05ஆகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, எல்லாம் தேநீர் ஊற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது. எத்தனை கோப்பை, எது வெற்றி என்பதெல்லாம் முதலிலேயே பேசி முடிவாகிவிடுகிறது. உளவியலுக்கு இப்படியொரு காவல்காரர் கட்டாயம் வேண்டும். ஒரே வகுப்பை இரண்டாகப் பிரித்துத் தேர்வு வைத்தாலே சராசரிகள் ஒன்றாக வராது; எந்த வேறுபாட்டுக்கும் நம்மால் ஒரு கதை சொல்ல முடியும். ‘வெறும் தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு எத்தனை முறை வரும்?’ என்று கேட்டு பி-மதிப்பு அந்தக் கதையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. இதையே தூக்கி எறியவேண்டும் என்பாரும் உண்டு. ‘பேசிக் அண்ட் அப்ளைடு சோஷியல் சைக்காலஜி’ என்ற இதழ் 2015இல் தடையே போட்டது. தடைக்குப் பின் வந்த கட்டுரைகளைப் புள்ளியியலாளர்கள் புரட்டிப் பார்த்தபோது, பல இடங்களில் ஆசிரியர்கள் தரவு தாங்குவதற்கு மேல் முடிவு சொல்லியிருந்தார்கள். காவல்காரரை அனுப்பிவிட்டால் கதவு இன்னும் அகலமாகத்தான் திறக்கிறது.

ஆனால் காவல்காரரிடம் தீர்ப்புக் கேட்கக்கூடாது. 0.03 என்றால் கருதுகோள் உண்மையாக இருக்க 97 சதவீத வாய்ப்பு என்று பாடம் எடுப்பவர்களையே பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதால் மழை என்று சொல்ல முடியுமா? தண்ணீர் லாரி போயிருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் இத்தகைய தரவு எவ்வளவு அரிது என்பதைத்தான் பி-மதிப்பு சொல்லும். வேறுபாடு பெரிதா சிறிதா என்பதும் அதற்குத் தெரியாது. பல்லாயிரம் பேரை அளந்தால் அரை மதிப்பெண் வேறுபாடுகூட எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். தமிழில் நாம் இதற்குக் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று பெயர் வைத்தது கூடுதல் வம்பு. குறிப்பிட ஒன்றுமில்லாததையும் அந்தச் சொல் பெரிதாக்கிக் காட்டுகிறது.

இவை விளங்கிக்கொள்வதில் வரும் பிழைகள். பாடத்தைத் திருத்தினால் சரியாகிவிடும். ஜெராக்ஸ் கடைச் சிக்கல் அப்படியல்ல. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனை போட்டால், ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு. சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை 2011இல் வேடிக்கையாகவே செய்துகாட்டினார்கள். மாணவர்களில் சிலருக்கு பீட்டில்ஸின் ‘வென் ஐ ஆம் சிக்ஸ்டி ஃபோர்’ பாட்டைப் போட்டார்கள், சிலருக்கு வேறொரு இசை. தந்தையின் வயதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டதும், பீட்டில்ஸ் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டதாக விடை வந்தது. பி-மதிப்பு 0.04! அன்றைய வழக்கத்தில் குற்றமாக யாரும் நினைக்காத நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், பொய் முடிவு வரும் வாய்ப்பு ஐந்து சதவீதத்திலிருந்து 61க்குப் போகிறது என்றும் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அதே ஆண்டு உளவியலாளர் டேரில் பெம் வேடிக்கைக்காக இல்லாமல் எழுதினார். மனிதர்களுக்கு எதிர்காலம் முன்கூட்டியே புலப்படும் என்பதற்கு ஒன்பது சோதனைகள். எட்டில் எல்லைக்கோடு தாண்டியது. திரையில் இரண்டு திரைச்சீலைகள், ஒன்றின் பின்னால் கிளர்ச்சியூட்டும் படம். படம் எதன் பின்னால் வரும் என்பதை நூறு பேர் 53.1 சதவீதம் சரியாகச் சொன்னார்களாம். துறையின் முன்னணி இதழ் அதை வெளியிட்டது. சிலர் அவருடைய சோதனைகளில் ஒன்றைத் திரும்பச் செய்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியபோது, மறுசோதனைகளை வெளியிடுவதில்லை என்று அதே இதழ் திருப்பி அனுப்பியது. பெம்மைவிட இந்த பதில்தான் என்னை அதிகம் கலங்கடித்தது.

100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015இல் வெளிவந்தது. மூலத்தில் 97 சதவீதம் எல்லைக்கோடு தாண்டியவை. மறுமுறை 36 சதவீதம்தான் தாண்டின. மீதியெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஊரும் ஆட்களும் மாறினால் மனமும் மாறும், மறுசோதனையும் தவறலாம். இருந்தாலும் மூலத்தின் அந்த 97 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எல்லைக்கோட்டை 0.005க்கு இறக்கலாம் என்று 2018இல் 72 அறிஞர்கள் முன்மொழிந்தார்கள். கடைக்காரர் கொஞ்சம் கூடுதல் நேரம் தட்டிப் பார்ப்பார், அவ்வளவே என்று எனக்குத் தோன்றுகிறது. ‘கார்டெக்ஸ்’ இதழ் 2013இல் தொடங்கிய முறைதான் ஃபிஷரின் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வருகிறது. கேள்வியையும் கணக்கிடும் வழியையும் தரவு திரட்டும் முன்பே இதழுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். ஏற்றுக்கொண்டால், விடை எப்படி வந்தாலும் வெளியிடுவார்கள். உளவியலில் இந்த வழியில் வந்த கட்டுரைகளையும் வழக்கமான கட்டுரைகளையும் 2021இல் ஒப்பிட்டார்கள். முதல் கருதுகோள் பலித்தது வழக்கமானவற்றில் 96 சதவீதம், முன்பதிவு செய்தவற்றில் 44. சலிப்பான ஏற்பாடுதான், பாதிக்கு மேல் ‘வரலையேம்மா’ என்றே அச்சாகும்.

அந்த மாணவி தரவு திரட்டும் முன் ஒரு தாளில் ‘பெண்களைத் தனியாகப் பார்ப்பேன்’ என்று எழுதி வைத்திருந்தால், அந்த 0.03ஐ நானும் மதித்திருப்பேன். ஆய்வேட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் ஏறியது. 0.08 அட்டவணையை எடுத்துவிடலாம், பக்கத்துக்குப் பக்கம் காசு என்று கடைக்காரரே சொல்லிவிட்டார்.