அக்கரை: மாற்கு நற்செய்தியும் வாவிக்கரை வாசிப்பும்

இயேசுவின் போதனையைத் தமிழிற் கற்க முற்பட்டோர் பெரும்பாலும் அதனை அறநூலாகவே கண்டனர். மலைப்பொழிவைத் திருக்குறளோடு ஒப்புநோக்குதலும் உவமைகளை நீதிக்கதைகளாகத் தொகுத்தலும் நெடுநாளாக நடந்துவரும் முயற்சிகளாகும். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யூ. போப், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவரின் செவிக்குக் கிறித்தவ போதனை எட்டியிருக்கக்கூடும் என்று கருதியமைக்கும் இந்நோக்கே அடிப்படை. அக்கருத்து இன்று ஆய்வாளரிடையே செல்வாக்கிழந்துவிட்டது. அதனைத் தோற்றுவித்த நோக்கோ மறைந்துவிடவில்லை. வங்கத்திலே 1820இல் இராம்மோகன் ராய் நற்செய்தி நூல்களிலிருந்து அறவுரைகளை மாத்திரம் பிரித்தெடுத்து, அற்புதங்களையும் வரலாற்றுப் பகுதிகளையும் விலக்கி, ஒரு நூல் வெளியிட்டார். செராம்பூர் மிசனரியான மார்ஷ்மன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். சமயப்பூசல் என்ற அளவிலேயே அவ்வாதம் நினைக்கப்படுகிறது. எனினும் அதனுள் ஓர் இலக்கியப் பிரச்சினையும் அடங்கியிருந்தது. கூற்றைக் கதையிலிருந்து பிரித்தபின்னர் அது அதே கூற்றாக எஞ்சுமா என்பதே அப்பிரச்சினை.

நால்வர் எழுதிய நற்செய்திகளுள் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புவது மாற்குவின் நூல். அதுவே நான்கினுள்ளும் சிறியது. ஏனையவற்றிற்கு முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர் துணிபு. கி.பி. 70ஐ ஒட்டிய காலத்தில் எழுந்ததாகக் கருதப்படுகிறது. அதிலே மலைப்பொழிவு இல்லை. பிறப்புக் கதை இல்லை. ஆண்டவர் கற்பித்த செபமும் இல்லை. ‘போதித்தார்’ என்று மாற்கு அடிக்கடி கூறுகிறார். போதித்தது யாது என்று பல இடங்களிற் கூறாமலே செல்கிறார். பொன்மொழி தேடிச் செல்வோர் வறுங்கையுடன் திரும்ப நேரும். ‘உடனே’ என்ற சொல் ஏறக்குறைய நாற்பது தடவை வந்து கதையைத் துரத்துகிறது. நடை கற்றோர் நடையன்று. சந்தையிலும் துறையிலும் வழங்கிய கிரேக்கப் பேச்சு. இத்தகைய நூலிலே போதனை எங்கே இருக்கிறது? நிகழ்ச்சிகளை அடுக்கிய முறையிலே இருக்கிறது எனலாம். அவ்வடுக்கின் அச்சாணியாக அமைந்த சொல் ‘அக்கரை’.

மட்டக்களப்பிலே பள்ளிக்கூடம் சார்ந்த நற்செய்தி வாசிப்புக்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் அங்கு வந்து பணி தொடங்கினார். மறு ஆண்டே இறந்தார். 1895இல் யேசுசபையினர் கிழக்கின் கத்தோலிக்கப் பணியை ஏற்றனர். வாசித்தோர் கிறித்தவர் மாத்திரமல்லர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்ற காரைதீவு மயில்வாகனனே பின்னர் சுவாமி விபுலானந்தராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். ஆயினும் இவ்வட்டார வாசகருக்குப் பாடசாலை தராத ஒரு துணையும் உண்டு. அது வாவி.

கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்நீர்ப்பரப்பு நாட்டை இரண்டாகப் பகுக்கிறது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. முன்னையது கடற்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம், ஊர்கள் நெருங்கியது, தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருவது. பின்னையது வயலும் குளமும் காடும் சார்ந்தது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கு போக வேண்டுமாயின் துறைக்கு வந்து தோணிக்குக் காத்திருக்க வேண்டும். அன்றேல் பாலத்தைத் தேடிச் சுற்ற வேண்டும். தெரிந்தும் எட்டாதிருக்கும் கரை என்ற அனுபவம் கடலோரத்தானுக்கு இல்லை. கடலுக்கு அக்கரை இல்லை, அடிவானமே உண்டு.

இங்கேதான் மொழிபெயர்ப்புப் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. கலிலேயாவின் நீர்நிலை உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீற்றர். மிக அகன்ற இடத்தில் 13 கிலோமீற்றர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 210 மீற்றர் கீழே கிடப்பது. உலகம் கண்டவரான லூக்கா அதனை ‘ஏரி’ என்றே எழுதுகிறார். மாற்குவோ ‘கடல்’ என்கிறார். இதற்காகவே பழைய கிரேக்கக் கண்டனக்காரர் ஒருவர், சிறு குளத்தைக் கடலாக்கி அதிலே புயலையும் கிளப்பிவிட்டார்கள் என்று எள்ளினார். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு இருவர்க்கும் ‘கடல்’ என்ற ஒரே சொல்லையே வழங்கி, வேறுபாட்டை அழித்துவிட்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு லூக்காவிற்கு ‘ஏரி’யை மீட்டுக்கொடுத்து, மாற்குவிற்குக் ‘கடலை’ விட்டுவைத்தது. அது சரியான தீர்ப்பு. மாற்குவின் ‘கடல்’ அறியாமையாலோ கிராமியப் பேச்சாலோ மாத்திரம் வந்த சொல்லன்று. எபிரேயத் திருப்பாடல்களிலே கடல் என்பது கட்டுக்கடங்காத பேரழிவின் பெயர். கரை தெரியும் சிறு நீருக்கு அப்பெயரை இடுவதன்மூலம், அதனைக் கடப்பது எளிதன்று என்பதை அவர் உணர்த்துகிறார். தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் ‘அக்கரை’ என்ற சொல்லை அவ்விடத்திலே காத்துள்ளமை நற்பேறாகும்.

வலை பற்றி அவ்வாறு கூறமுடியாது. சீமோனும் அந்திரேயாவும் வீசியது கையால் எறியும் வட்ட வலை. மத்தேயுவின் உவமையிலே வருவது பலர் கூடி இழுக்கும் நீண்ட வலை. கிரேக்கத்தில் இவற்றிற்கு வெவ்வேறு பெயர். தமிழிலோ எல்லாம் ‘வலை’. வாவியில் வீச்சுவலையும் கடற்பக்கத்தில் கரைவலையும் கண்டு வளர்ந்தவருக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. கரைவலை மணலில் ஏறியதும் நல்ல மீனும் கழிவும் பிரிக்கப்படுவதைப் பார்த்தவருக்கு மத்தேயுவின் உவமைக்கு உரையும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850இல் அச்சேறிய மொழிபெயர்ப்பையும், அதனை ஏற்காதோர் முயற்சியால் 1871இல் முழுமையுற்ற பவரின் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டு எழுதியோர் இலக்கணத் தூய்மையையும் வடசொற்களையும் பற்றியே பெரிதும் பேசினர். வலைகளை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி, கடத்தல்களைக் காண்போம். நாலாம் அதிகாரத்திலே இயேசு நாள் முழுவதும் தோணியிலிருந்து கரையிலுள்ளோர்க்கு உவமைகள் கூறுகிறார். மாலையானதும் அக்கரைக்குப் போகலாம் என்கிறார். போதனை முடிந்து பயணம் தொடங்குகிறது என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் அதே போதனையே வேறு வடிவில் தொடர்கிறது. மேற்குக்கரை யூதரின் ஊர்கள்; கிழக்குக்கரை தெக்கப்போலி என்னும் பத்து நகர்ப் பகுதி; பிற இனத்தார் வாழ்வது; பன்றி வளர்ப்பது. நடுநீரிலே சுழற்காற்று எழுகிறது. அவர் பின்னணியத்தில் தலையணைமேல் உறங்குகிறார். 1986இல் வறட்சியால் அவ்வேரி வற்றியபோது சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட முதலாம் நூற்றாண்டுத் தோணி 8.2 மீற்றர் நீளமும் 2.3 மீற்றர் அகலமும் உடையது. கிடைத்த மரத்தையெல்லாம் கொண்டு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப்பட்ட ஏழைத் தோணி. அத்தகைய மரத்துண்டுகளை நம்பித்தான் அவர்கள் இருந்தனர். 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பில் இப்பகுதியை வெறும் உருவகமாக வாசித்தல் அரிது. காற்று அடங்குகிறது, ஆனால் சீடரின் அச்சம் அடங்கியபாடில்லை. இவர் யார் என்ற வினாவுடன் காட்சி முடிய, விடையின்றியே தோணி கரைசேர்கிறது.

அக்கரையில் அவர்களை எதிர்கொள்பவன் கல்லறைகளிடையே வாழும் ஒரு பித்தன். தன் பெயர் ‘இலேகியோன்’ என்கிறான். அது உரோமப் படைப்பிரிவின் பெயர். ஓர் ஊரை அடக்கியிருக்கும் படையின் பெயர் ஒருவனுடைய உடலுக்குள் புகுந்திருக்கிறது. இரண்டாயிரம் பன்றிகள் நீரில் மாய, அவன் தெளிவடைகிறான். ஊரார் மகிழ்ந்தனர் என்று மாற்கு எழுதவில்லை. அவர்கள் அஞ்சினர், போய்விடும்படி வேண்டினர். இயேசு வாதாடாமல் தோணியேறுகிறார். தெளிந்தவன் உடன் வர விரும்புகிறான். அதற்கு இசைவு கிடைக்கவில்லை. தன் வீட்டாரிடம் போகும்படி பணிக்கப்பட்டு, அவன் அக்கரையிலேயே நிற்கிறான். மற்றையோரையெல்லாம் பின்தொடரும்படி அழைத்தவர் இவனை மாத்திரம் ஏன் விட்டுச் சென்றார் என்ற வினாவிற்கு உரைகாரர் பல விடை கூறுவர். அக்கரையின் கதையை அக்கரையானே சொல்லவேண்டும் என்பது கதையமைப்பே தரும் விடை.

வாவிக்கரையில் ‘அக்கரை’ என்ற சொல்லின் கனம் கூடிய காலமும் உண்டு. போர்க்காலத்திலே படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியிலும் எழுவான்கரை நகரங்கள் அரச படையின் ஆட்சியிலும் 2007 வரை இருந்தன. துறைகள் சோதனைச் சாவடிகளாயின. ஒரே கரைக்குள்ளும் அக்கரைகள் தோன்றின. 1990 ஆகத்து 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தார் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இவை எழுவான்கரையிலே, சில கிலோமீற்றர் இடைவெளிக்குள் நிகழ்ந்தவை. இந்நிகழ்ச்சிகளை மாற்குவின் கதைக்குப் பொருத்திக் காட்டுதல் திறனாய்வாகாது, துயருற்றோர்க்கு மரியாதையுமாகாது. ஆனால் ‘அக்கரை’ என்றால் பரலோகம் என்று பாடல்களிலே பழகிப்போன பொருளை இங்குள்ள வாசகர் ஏற்கத் தயங்குவாராயின், அத்தயக்கம் மாற்குவின் சொல்லுக்கு மிக அண்மையது. அவருடைய அக்கரையில் இருப்போர் வேற்று மனிதர்.

இரண்டாவது முக்கிய கடத்தல் தோல்வியில் முடிவதைப் பலர் கவனிப்பதில்லை. ஐயாயிரம் பேர்க்கு அப்பம் பகிர்ந்தபின் இயேசு சீடரை அக்கரையிலுள்ள பெத்சாயிதாவுக்கு முன்னே அனுப்புகிறார். எதிர்க்காற்று, விடியும்வரை தண்டு வலித்தும் பயனில்லை. அவர் நீர்மேல் நடந்துவந்து ஏறிக் காற்று அடங்கிய பின்னும் அவர்கள் இறங்கியது பெத்சாயிதாவில் அன்று, இக்கரையிலுள்ள கெனசரேத்தில். அப்பங்களின் பொருளை அவர்கள் உணரவில்லை என்று மாற்கு அவ்விடத்திலே குறிக்கிறார். புயலுக்கும் அப்பத்துக்கும் என்ன தொடர்பு? விடை அடுத்து வரும் பகுதியிலே இருக்கிறது. தீர் நகர்ப்புறத்துச் சிரிய-பெனிக்கியப் பெண் ஒருத்தி தன் மகளுக்காக வேண்டுகிறாள். பிள்ளைகள் முதலில் வயிறார உண்ணட்டும் என்ற கருத்தில் அவளுக்கு மறுப்புக் கிடைக்கிறது. அவள் அம்மறுப்பிலுள்ள உருவகத்தையே எடுத்து மறுமொழி கூறி வெல்கிறாள். மாற்குவின் நூலிலே இயேசுவோடு சொல்லாடி வென்றவள் இவள் ஒருத்தியே. அதன்பின்னரே, தெக்கப்போலிப் பக்கத்தில், நாலாயிரம் பேர் உண்கின்றனர். ‘வயிறார உண்ணல்’ என்ற ஒரே வினை மூன்று இடங்களிலும் வருகிறது. எஞ்சிய துண்டுகளை எடுத்த கூடைகளுக்கும் கிரேக்கத்தில் இருவேறு பெயர்கள் உள. பெட்டி, கடகம், கூடை என்று பகுத்துப் பேசும் வழக்குடைய மொழியிலே மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ‘கூடை’ ஆக்கியது வியப்பே.

பின்னர் ஒரு தோணிக் காட்சி. கையில் ஒரே அப்பம். சீடர் அதுபற்றிக் கவலைப்படுகின்றனர். ஐயாயிரம் பேர் உண்டபோது எத்தனை கூடை, நாலாயிரம் பேர் உண்டபோது எத்தனை கூடை என்று இயேசு வினவுகிறார். பன்னிரண்டு, ஏழு என்று பிழையின்றி விடை சொல்கின்றனர். இன்னமும் உணரவில்லையா என்ற கருத்துடைய வினா மாத்திரமே பதிலாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு இசுரவேலின் கோத்திரங்களையும் ஏழு பிற இனத்தாரையும் சுட்டும் என்பர் சிலர். எண்ணுக்குப் பொருள் தேடுவது எளிதில் விளையாட்டாகிவிடும். அதனை வற்புறுத்த வேண்டியதில்லை. இரு கரைக்கும் ஒரே அப்பம் என்பது எண்களின் துணையின்றியே விளங்கும். கணக்கை ஒப்புவித்தும் கதையை விளங்காதோரின் காட்சி, போதனையைக் கூற்றுக்களாகத் தொகுக்கும் ஆராய்ச்சிக்கும் சிறிது பொருந்துகிறது.

இவ்வாசிப்புக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. 1919இல் கார்ல் லூட்விக் ஷ்மித் என்ற யேர்மானிய அறிஞர், மாற்குவின் பயண அமைப்பு வரலாற்று நிரல் அன்று. தனித்தனியே வழங்கிய கதைகளை ஆசிரியர் கோத்த நூலே அது என்று நிறுவினார். நிலவியலும் அவருக்குச் சாட்சி. கெரசா நகர் ஏரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் அப்பால் உள்ளது. பன்றிகள் அங்கிருந்து ஓடிவந்து நீரில் வீழ முடியாது. மத்தேயு அதனைக் கதரா என்று மாற்றியதும் படியெடுத்தோர் வேறு பெயர் எழுதியதும் அதனாற்போலும். இயேசுவின் வழித்தடத்தை வரைபடத்திற் குறிக்க விரும்புவோர்க்கு இது இடர். இலக்கிய மாணவருக்கோ இது துணை. கோத்தது ஆசிரியர் எனின், தோணி எப்போது கரை மாறுகிறது என்பதும் அவர் தெரிந்து வைத்ததே. ஷ்மித் நூலை முத்துக்களின் சரடாகக் கண்டார். சரடுக்கும் பொருள் உண்டு என்பதை அவருக்குப் பின் வந்தோரே எடுத்துக்கூறினர்.

முன்னர் எட்டாத பெத்சாயிதாவை அத்தோணி, அப்ப உரையாடலின் பின், எட்டாம் அதிகாரத்தில் அடைகிறது. அங்கே ஒரு குருடனைக் கொண்டுவருகின்றனர். முதல் தொடுகையில் அவனுக்கு மனிதர் நடமாடும் மரங்களைப்போலத் தோன்றுகின்றனர். மீண்டும் தொட்டபின்னரே தெளிவாகக் காண்கிறான். ஒரே முறையில் முடியாத குணமாக்கல் மாற்குவில் இது ஒன்றே. மத்தேயுவும் லூக்காவும் இதனை எடுத்தாளவில்லை.