கல்லில் விழும் காவிக் கோடு

அவிநாசி, திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே உளிச் சத்தம் கேட்கும் ஊர் திருமுருகன்பூண்டி. அங்குள்ள சிற்பக்கூடங்களில் எனக்கு முடிந்த சிலையைவிடப் பிடித்தது, செதுக்குமுன் கல்லில் போடும் காவிக் கோடுகள்தான். நடுவே நெட்டாக ஒரு சூத்திரம்; குறுக்கே நெற்றி, மூக்கு, மார்பு, தொப்புள், முழங்கால். உளி பட்டுக் கோடு பெயர்ந்தால் மறுபடி போட்டுத்தான் வேலை தொடரும்.

சிவன், திருமால் என்றால் உத்தம தசதாளம் (தாளம் என்பது முக நீள அளவு), உயரம் 124 பங்கு. அம்மனுக்கு 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம் போதும். இப்படிப் பிரித்த உயரத்தில் ஒரு பங்குதான் அச்சிலையின் அங்குலம். இதில்தான் நான் சொக்கிப்போகிறேன்: அளவுகோல் வெளியிலிருந்து வருவதில்லை, சிலையின் உயரமே அதைத் தருகிறது. அதனால்தான் சாண் உயர உருவமும் ஒன்பதடி உருவமும் ஒரே இலட்சணத்தோடு நிற்கின்றன. சுவாமிமலையில் வார்ப்புச் சிலைக்கு ஓலை நறுக்கை மடித்து மடித்தே இப்பங்குகளைப் பிரிக்கிறார்கள்.

எகிப்தியரும் சிவப்புக் கோட்டுக்காரர்கள். நிற்கும் மனித உருவத்தை உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்வரை 18 கட்டங்களில் அடக்கினார்கள். கட்டடத்துக்கோ முழக்கணக்கு: மன்னன் கூஃபுவின் பிரமிடு, அரச முழத்தில் உயரம் 280, அடிப்பக்கம் 440. அரச முழத்துக்கு 28 விரல். அவர்களுடைய சிறிய முழத்துக்கு, நம் முழத்தைப் போலவே, 24.