ஒரே வரியில் தட்டச்சிடப்படும் கணிதக் குறிகள்: ஒரு திறனாய்வு

இணைய உரையாடல்களில் மீண்டும் மீண்டும் வலம்வரும் 6÷2(1+2) என்ற கணக்கிற்குச் சிலர் 9 என்றும் சிலர் 1 என்றும் விடை கூறுவர். கணிப்பான்களும் வகைக்கேற்ப இவ்விரு விடைகளையும் தருகின்றன. இதை விதி அறியாதோரின் பிழையாகக் கருதுவது பொருந்தாது. பெருக்கலையும் வகுத்தலையும் இடமிருந்து வலமாகச் செய்வது பள்ளி விதி. அதன்படி விடை 9. குறியின்றி ஒட்டி எழுதிய பெருக்கலை முதலில் செய்வது இயற்கணிதத்தில் பரவலான வழக்கம். அதன்படி விடை 1.

தாளில் பின்னமாக எழுதும்போது இக்குழப்பம் எழுவதில்லை. பின்னக்கோட்டின் நீளமே தொகுதி எது, பகுதி எது என்று காட்டிவிடும். விசைப்பலகையில் அக்கோடு சாய்கோடாகவோ ÷ குறியாகவோ சுருங்கும்போது அத்தகவல் தொலைகிறது. 1659இல் யோகான் ரான் தமது இயற்கணித நூலில் வகுத்தலுக்குப் பயன்படுத்திய ÷ குறியை, ஐ.எஸ்.ஓ 80000-2 தரநிலை இன்று தவிர்க்கச் சொல்கிறது.

அடுக்குக் குறியின் நிலையும் இதுவே. 2^3 என்பது உரையாடலில் 8. சி நிரல்மொழியில் 1. அங்கு அக்குறி இரு எண்களின் இரும இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் மட்டும் 1 இடுகிறது. -3^2 என்பதன் மதிப்பு கணித மரபில் -9, எக்செலில் 9.

எனவே இத்தகைய புதிர்கள் எவருடைய கணிதத் திறனையும் அளப்பதில்லை. இவற்றைக் காட்டி ஒரு மாணவரைக் கணக்கு அறியாதவர் என்பது அநீதி. (6÷2)(1+2) என்றோ 6÷(2(1+2)) என்றோ எழுதினால் விவாதத்திற்கே இடமில்லை. அடைப்புக்குறி இடுவது எழுதுபவரின் பொறுப்பு; ஊகித்தறிவது படிப்பவரின் கடமையன்று.