குளிர்ந்தால் சிறுக்கும் பிஸ்டன்

சிங்கப்பூரின் கிளமெண்டி பேருந்துச் சந்திப்பு நிலையத்துக்கு நெடுங்காலம் வந்துபோன வால்வோ பி9டிஎல் இரட்டைத் தளப் பேருந்தின் பின்புறத்தில் 9.4 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருக்கிறது. இத்தகைய எஞ்சினில் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸை எட்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆயினும் அலுமினியக் கலவையில் வார்த்த பிஸ்டன்கள் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கின்றன.

வெப்பத்தைத் தங்கவிடாததே காரணம். உச்ச வெப்பம் நொடியின் சிறு துளியே நீடிக்கிறது. அடுத்துப் புதுக்காற்று நுழைகிறது. பிஸ்டன் தலையில் ஏறிய வெப்பத்தின் பெரும்பகுதி வளையங்கள் வழியே சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து சுற்றியோடும் நீருக்கும் போகிறது. கனரக எஞ்சின்களில் பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெயும் பீய்ச்சப்படுகிறது.

எல்லாவற்றிலும் அழகானது பிஸ்டனின் வடிவம். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்த பிஸ்டன் முழு உருளையே அல்ல: தலை சற்றுச் சிறுத்தும், கீழ்ப்பகுதி மெல்லிய நீள்வட்டமாகவும் கடையப்படுகிறது. சூடேறிய பிறகே அது சிலிண்டருக்குள் சரியாகப் பொருந்துகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்த வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கிட்டுக் கடைவது, உலோக வேலையின் உயர்ந்த நுட்பங்களுள் ஒன்று.

பின்புற எஞ்சினுக்கு எதிர்காற்று கிடைப்பதில்லை; சிங்கப்பூரின் 32 டிகிரி நண்பகலில், சூடேறிய நீரைக் குளிர்விக்க ரேடியேட்டரின் பெரிய விசிறியே காற்றை இழுக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கேடுதான்: எரிபொருள் முழுதாக எரியாது, தேய்மானம் கூடும். ஆகவே தெர்மோஸ்டாட், நீர் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி வரை சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கிறது.