கேலிச்சித்திரமும் நம் இல்லங்களும்

கேலிச்சித்திரத்தைத் திறனாய்வுக்கு உரிய பொருளாக நம்மவர் கருதுவது அரிது. கவிதைக்கும் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் பக்கங்களை ஒதுக்குகிறோம். சித்திரக்கதைகளையோ பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பவை என்று சொல்லிப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். வார இதழ் வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் முதலில் தேடிப் புரட்டுவது நகைச்சுவைப் படத்தைத்தான். ஆனால் இலக்கியம் பேச அமர்ந்தால் அதன் நினைவு எவருக்கும் வருவதில்லை. இவ்வழக்கத்தைச் சற்றே மீறி, ஒரு கேலிச்சித்திரக்காரர் தம் இளமையில் தமக்காக மட்டுமே வரைந்து வைத்த நாட்குறிப்புகளை இங்கு இலக்கியமாகவே எடுத்துப் பேச விழைகிறோம்.

அவர் கோவா நாட்டுக் கத்தோலிக்கரான மாரியோ மிராண்டா. 1926இல் டாமனில் பிறந்து, லௌட்டோலிம் என்னும் சிற்றூரில் இருந்த தம் குடும்பத்தின் பழம்பெரும் இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கினார். அதைக் கண்ட தாயார் வெற்றுத்தாள் புத்தகம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தார். அதற்கு அவர் 'டைரி' என்று பெயரிட்டார். ஓவியப் பள்ளி எதிலும் அவர் பயின்றதில்லை. பெங்களூரில் புனித சூசையப்பர் பள்ளியிலும், அன்றைய பம்பாயில் புனித சவேரியார் கல்லூரியிலும் படித்து வரலாற்றில் பட்டம் பெற்றார். பெற்றோரின் விருப்பத்துக்காகக் கட்டடக்கலை கற்கப் புகுந்து, விரைவிலேயே அதைக் கைவிட்டார். நண்பர்களுக்கு அஞ்சலட்டையில் படம் வரைந்து கொடுத்துச் சில்லறை சேர்த்ததே அவரது முதல் வருவாய். விளம்பர நிறுவனத்தில் நான்காண்டு வேலை, இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி இதழில் இடம், நாடறிந்த புகழ், 1988இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண் ஆகிய யாவும் பின்னர் வந்தவை. அவற்றைப் பலரும் எழுதிவிட்டனர். நம் கவனம் அதற்கு முற்பட்ட காலத்தின்மீது.

1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளின் நாட்குறிப்புகள் அண்மைக் காலத்தில் நூல்களாக அச்சேறியுள்ளன. அவற்றை வரைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்கு உட்பட்டது. தொழில் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அன்று நடந்தது அன்றே படமாகிறது. பக்கத்தில் கையெழுத்தாகச் சில வரிகள். உறவினர் வருகை, விருந்து, ஊர்த்திருவிழா, நண்பர்களின் அரட்டை, வாத்தியம் வாசிப்பவர், குடித்துவிட்டுத் தள்ளாடுபவர் என யாவரும் அதில் உண்டு. பெரிய நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. நாம் மிகவும் மதிப்பது அதைத்தான். பத்திரிகைக்கு வரைபவர் நாளைக் காலை வாசகன் சிரிக்க வேண்டுமே என்ற கவலையோடு வரைகிறார். ஆதலின் வாழ்க்கையைச் சுருக்கி, ஒரு முனையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நாட்குறிப்பு வரைபவருக்கு அக்கவலை இல்லை. சிரிப்பு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் அத்தை அத்தையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். 1961இல் போர்த்துகீசிய ஆட்சி முடிந்து கோவா வேறொன்றாக மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்று எப்படி உண்டு, உடுத்தி, வம்பளந்து வாழ்ந்தது என்பதை வரலாற்று நூல்களைவிட இந்தப் பக்கங்கள் நமக்கு நன்றாகவே காட்டுகின்றன.

நம் வாசகர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. பள்ளி நாள்களிலேயே குருக்களைக் கேலியாக வரைந்து அவர் வம்பில் மாட்டிக்கொண்டவர். அங்கியும் தொந்தியுமாகக் குருவானவர் அவர் படங்களில் பிற்காலத்திலும் அடிக்கடி தோன்றுகிறார். இதில் இகழ்ச்சி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. குருவானவரை வரைந்த அதே கோட்டினால்தான் பாடகரையும் பெரியம்மாவையும் தெருநாயையும் வரைந்திருக்கிறார். எவரையும் உயர்த்தவில்லை, எவரையும் விலக்கவில்லை. கூட்டம் நிறைந்த அப்படங்களில் மூலையில் நிற்பவருக்கும் தனி மூக்கும் தனி முகமும் உண்டு. வெறுப்பு உள்ளவரால் இத்தனை பொறுமையாக மூக்கு வரைய இயலுமா?

1974இல் அமெரிக்கா சென்ற மாரியோ, 'பீனட்ஸ்' சித்திரத்தொடரைப் படைத்த சார்லஸ் ஷுல்சைச் சந்தித்தார். அந்நாட்டில் குடும்ப வாழ்வையே பொருளாகக் கொண்ட இன்னொருவரும் இருந்தார். பில் கீன் என்னும் அவர் ஃபிலடெல்ஃபியாவில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே தாமாகப் படம் வரையக் கற்றவர். தம் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் முன்னிறுத்தி, 1960 பிப்ரவரி 29 அன்று அவர் தொடங்கிய 'ஃபேமிலி சர்க்கஸ்', வட்டம் ஒன்றுக்குள் நாளொரு படமாக வெளிவந்தது. தந்தை ஓய்வெடுக்கும் நாள்களில் ஏழு வயது மகன் பில்லி அவருக்குப் பதிலாக வரைந்தது போலக் கோணல்மாணலான கோடுகளில் சில படங்களை அமைத்தார். அத்தொடரில் நாம் பெரிதும் சுவைப்பது அந்தக் கோணல் படங்களையே. ஏனையவற்றில் இனிப்பு சற்று மிகுதி. வட்டத்துக்குள் சண்டை வந்தாலும் வட்டம் முடிவதற்குள் சமாதானம் வந்துவிடுகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கறுப்பினச் சித்திரக்காரரான தம் நண்பர் மோரி டர்னரைப் பெருமைப்படுத்தும் வகையில், 1967இல் மோரி என்னும் கறுப்பினச் சிறுவனைப் பில்லியின் விளையாட்டுத் தோழனாக்கித் தம் வட்டத்துக்குள் அழைத்துக்கொண்டார். தாம் வரையும் வீட்டின் வாசலுக்குள் யார் யார் வருகிறார்கள் என்று அவர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்கிறார். 2011ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் கீனும் மாரியோவும் மறைந்தனர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் குடும்பத்தை வரைந்த கைகள் சாமானியமானவை அல்ல. கோபுலு (1924–2015) ஒரு சொல்லும் எழுதாமல், மனிதர் நிற்கும் நிலையாலேயே சிரிக்க வைத்தவர். மதனின் 'ரெட்டைவால் ரெங்குடு' ஒரு தலைமுறையின் குறும்பையெல்லாம் தன்மேல் ஏற்றுக்கொண்டான். பாக்கியம் ராமசாமி எழுத, ஜெயராஜ் வரைய, அப்புசாமியும் சீதாப்பாட்டியும் பல வீடுகளில் சொந்தத் தாத்தா பாட்டியாகவே ஆகிவிட்டனர். இவர்களின் திறமையில் நமக்கு ஐயமில்லை. எனினும் இப்படங்களில் காணும் வீட்டைச் சற்று உற்று நோக்குவோம். ஊஞ்சல், ஈசிசேர், அலுவலகம் செல்லும் கணவர், சமையலறையில் மனைவி, இடையில் மாமியார். பெரும்பாலும் அது நகரத்து நடுத்தர வீடு. அதுவும் தேய்ந்து தேய்ந்து, பூரிக்கட்டையுடன் நிற்கும் மனைவியும் தலையில் வீக்கத்துடன் நிற்கும் கணவனுமாக வார இதழ்த் துணுக்குகளில் முடிந்தது. அந்தப் பூரிக்கட்டைக்கும் உண்மையான குடும்பம் எதற்கும் தொடர்பே இல்லை.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றை ஒட்டியும் அதன் அயலிலும் பரந்த தோல் தொழில் வட்டாரத்து வீடு இவற்றில் எங்கே இருக்கிறது? டேனரியிலிருந்து திரும்பிய தந்தையின் சட்டையில் தங்கிவிட்ட வாடையை யார் வரைந்தார்கள்? விடியுமுன் சோற்று டப்பாவுடன் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை, அவர்கள் திரும்பும்வரை பேரப்பிள்ளைகளை மேய்க்கும் பாட்டியை, அடுத்த வீட்டு உருது மொழியும் நம் வீட்டுத் தமிழும் கலந்து நடக்கும் குழாயடிப் பேச்சை வரைந்தது யார்? சிரிப்புக்குப் பஞ்சமான வீடுகள் அல்ல இவை. ஞாயிறு திருப்பலி முடிந்து, இறைச்சிக் கடை வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தைக் கேட்டாலே போதும்.

இவ்வீட்டுப் பிள்ளைகள் சித்திரக்கதை படிக்காதவர்களும் அல்லர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தபின்னும் அவை படிக்கப்பட்டன. மாயாவி நம்மவர் அல்லர். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றியவர். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூடப் பணியாளர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். கை மட்டும் தெரியும். தோல் வட்டாரத்து வாசகர்க்கு இக்கற்பனை அயலாகத் தோன்றியிராது. ஐரோப்பியக் கடையில் பளபளக்கும் காலணியில் நம் வட்டாரத்துக் கையின் தையல் தெரிகிறது. தைத்தவரின் உடலும் முகமும் வீடும் தெரிவதில்லை.

மாரியோவை இங்கு முன்மாதிரியாகக் காட்டுவது எளிதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடையது நிலபுலம் உள்ள குடும்பம். 1985இல் சியாம் பெனகல் தம் 'திரிகால்' படத்தை எடுத்த அளவுக்குப் பெரிய வீடு. வேலையின்றி மூன்றாண்டு நாட்குறிப்பு வரையும் ஓய்வு அவ்வீட்டில் இருந்தது. ஷிப்ட் முடிந்து வருபவருக்கு அந்த ஓய்வு ஏது? இவ்வேறுபாட்டை 'ஆர்வம் இருந்தால் போதும்' என்ற அறிவுரையால் கடந்துவிட முடியாது. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து வரைந்து தருவார் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. வந்தவர்கள் வரைந்ததெல்லாம் கழிவுநீரையும் புகையையும் துன்பத்தையும்தான். அவை உண்மையே. எனினும் அத்தை எப்படிச் சிரிப்பாள் என்பது அத்தையோடு உண்பவனுக்கே தெரியும். தொழில்முறைக் கலைஞரிடம் இல்லாமல், பொழுதுபோக்காய் வரைபவனிடம் இருக்கும் ஒரே செல்வம் அதுதான்.

ஆம்பூர்ப் பக்கத்து ஊர்களில் வீட்டிலேயே அமர்ந்து ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் உண்டு. தாயின் மடியில் தோல், காலருகே நூற்கண்டு, தைத்து முடித்தவை ஒரு குவியலாய், குவியலின்மேல் தலைவைத்து உறங்கும் கைக்குழந்தை, சுவரில் திரு இருதயப் படம், அடுப்பில் பொங்கி வழியும் உலை, அதை முதலில் கண்டு கத்தும் பாட்டி. இப்படி ஒரு வீட்டைத் தமிழ் வார இதழ் எதிலும் நாம் கண்டதில்லை. அவ்வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில், இரும்புக்கை மாயாவிக்கு அருகில் அது ஏற்கெனவே வரையப்பட்டிருக்கவும் கூடும்.